பிரேக் இன்ஸ்பெக்டர் நடந்த எட்டு

முன்னால் இன்னும் ஒரே ஒரு ஆள்தான். அதுவும் சிவசைலம். தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர், எந்த வேலையையும் சட்டென்று முடித்துப் பழக்கமில்லாதவர், ஆகையால் அவசரமில்லை என்று நாச்சிமுத்து தனக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை தன்பாட்டுக்கு இடது முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது தெரிந்தது. எடுத்து மடியில் வைத்தார். தடவக் கூடாது. சோதனை வைக்கிற ஆளின் கண் முதலில் போகிற இடம் அதுதான். வண்டியில் ஏறுவதற்கு முன்பே பாதிப் பேரின் லட்சணம் அவருக்குத் தெரிந்துவிடும், ஹேண்டில்பாரைப் பிடிக்கிற பிடியில், ஸ்டாண்டைத் தள்ளுகிற காலில், தரையில் போட்டிருக்கிற எட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு எச்சில் விழுங்குகிற தொண்டையில். அரசாங்கக் காகிதத்தில் அவர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஊர் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். மகள் கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடிக்கிறவன் அப்படியே போட்டுவிட்டான், அவரும் மாற்றச் சொல்லவில்லை. எத்தனை ஆயிரம் பேரை எட்டுப் போட வைத்திருப்பார். இப்போது மலையடிவாரத்து முதியோர் குடியிருப்பின் யோகா ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில், எட்டுப் போட அவரே உட்கார்ந்திருக்கிறார். வண்டியில் இல்லை, நடந்துதான். தரையில் இரண்டு ஆரஞ்சு நிறக் கூம்புகள். நடுவில் நின்று புறப்பட்டு, ஒன்றைச் சுற்றி, குறுக்கே வந்து, மற்றதையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். கை எதையும் பிடிக்கக் கூடாது. பிசியோதெரபி பார்க்கிற பெனிட்டா கையில் கடிகாரத்தோடு நின்று பார்ப்பாள். போன வாரம் அவள் இதை விளக்கியபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சார் சிரிக்கிறீங்க என்றாள். ஒண்ணுமில்லீங்க அம்மிணி என்று விட்டுவிட்டார். அவளுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது. வயசானவர்களைச் சோதிக்க வெள்ளைக்காரன் கண்டுபிடித்த நடையாம். கண்டுபிடித்தவன் நம்ம ஊர் மைதானத்துக்கு வந்து பார்த்திருப்பானோ என்னமோ.

தேறினால் அவருடைய வீடு அவருக்கு. தேறாவிட்டால் பின்பக்கத்துக் கட்டிடத்துக்கு ஜாகை மாற வேண்டும். தனி வீட்டில் இருக்கிறவர் ஒரு தடவை விழுந்துவிட்டால் இந்தச் சோதனை என்பது இங்கே விதி, சேரும்போது கையெழுத்துப் போட்ட விதிதான், அதைப் பற்றி அவருக்கு வழக்கில்லை. விதி இருந்தால்தான் நல்லது. வழக்கெல்லாம் அந்த விழுந்ததைப் பற்றித்தான். சாப்பாட்டுக் கூடத்து வாசலில், உளுந்து வடை போட்ட அன்றைக்கு, தட்டோடு. அவர் ஒரு பக்கம், வடை ஒரு பக்கம், தட்டு மட்டும் நிற்காமல் உருண்டு போய்ச் சமையல்காரர் காலில் முட்டி நின்றது. ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். வாசல் மிதியடி மடங்கியிருந்தது என்று எழுந்து உட்காரும் முன்பே சொன்னார். சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார், ஏனென்றால் அந்தப் பாட்டு அவருக்கு நன்றாகத் தெரியும். கிளட்ச் சரியில்லைங்க சார். இது எங்க சித்தப்பா வண்டிங்க சார். கண்ணுல தூசி விழுந்துருச்சுங்க சார். ஒருத்தனாவது, எனக்கு ஓட்ட வரலைங்க சார் என்று சொல்லியிருப்பானா? மிதியடி மடங்கியிருந்ததா இல்லையா என்று இன்றைக்கு வரை அவருக்கே நிச்சயமில்லை. மடங்கியிருக்கலாம். கால் தூக்காமலும் இருந்திருக்கலாம். இப்போதெல்லாம் இடது கால் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு யோசனை பண்ணிவிட்டு, அப்புறம்தான் எழுந்திருக்கிறது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் குளித்து, சட்டையைத் தானே இஸ்திரி போட்டு, கண்ணாடி முன் நின்றபோது திருநீறு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலமாகவே விழுந்துவிட்டிருந்தது. மைதானத்துக்கு வருகிறவர்களும் அப்படித்தான் வருவார்கள், புதுச்சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக, சிலர் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு. எலுமிச்சம்பழம் எட்டுப் போடாதுப்பா, நீதான் போடணும் என்பார் அவர். கண்ணாடியில் பார்த்துத் துடைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். துடைக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், சாமி காரியம்.

பின்பக்கத்துக் கட்டிடத்துக்கு அரவணைப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அரவணைப்பு! பேரைக் கேட்டாலே யாரோ பின்னாலிருந்து கட்டிப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. குறை என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை, அவரே நான்கைந்து தடவை போய்ப் பார்த்திருக்கிறார். சுத்தமான படுக்கை, வேளைக்கு மாத்திரை, நல்ல குணமுள்ள பெண்கள். ஆனால் கதவுகளுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருக்கிறவர் விழுந்து கிடந்தால் கதவை உடைக்க வேண்டி வரும் என்பதால் வைக்கவில்லை. நியாயமான காரணம். அதனால் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திறந்துகொண்டு வரலாம், வருகிறார்கள், தாத்தா சாப்டாச்சா என்று செவிடனிடம் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்கிறார்கள். அவர் தாத்தாதான், மெல்போர்னில் இருக்கிற ஒரே பேத்திக்கு. ஊருக்கெல்லாம் இல்லை. தன் வீட்டில் ராத்திரி செய்திகள் முடிந்ததும் தாழ்ப்பாளைப் போடுகிற சத்தம் இருக்கிறதே, டக் என்று, அதற்கப்புறம் உலகத்தில் எவனுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. சட்டையைக் கழற்றிப் போடுவார். அன்றைக்குத் திட்ட வேண்டியவர்களை எல்லாம் வாய்விட்டுத் திட்டுவார், மந்திரியில் ஆரம்பித்து மாவு அரைக்கிறவள் வரைக்கும். கேப்பைக் கூழைத் தானே காய்ச்சிக் குடிப்பார், அடிப்பிடித்தாலும் அது அவர் பிடிக்க வைத்த அடி. மனைவி மயிலாத்தாள் அந்த வீட்டுப் படுக்கையறையில்தான் கண்ணை மூடினாள். காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கார் ஏறிப் போனபிறகு அவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதார். நாள் கணக்கில் அழுதார். வெளியே வரும்போது முகத்தைக் கழுவி, தலையை வாரி, பிரேக் இன்ஸ்பெக்டராகத்தான் வந்தார். ஒருத்தருக்கும் தெரியாது. இப்போதும் சில நாள் அப்படி வரும், காரணம் சொல்லிக்கொண்டா வருகிறது. தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் ஒரு ஆள் எங்கே போய் அழுவது? பக்கத்திலிருந்து ஒருத்தி முதுகைத் தடவிக் கொடுக்க அழுவதா? மகள் வானதி போனில் சொன்னாள், "அப்பா, நீங்க அங்க மாறிட்டீங்கன்னா நான் இங்க நிம்மதியாத் தூங்குவேன்ப்பா." பாசத்தில்தான் சொன்னாள், அதில் சந்தேகமில்லை. "நீ தூங்கறதுக்கு நான் என்ற தாழ்ப்பாளைக் கழட்டிக் குடுக்கோணுமா கண்ணு?" என்று கேட்டுவிட்டார். அவள் அழுதுவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

சிவசைலத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். மனிதர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, பட்டா வழங்கும் விழாவுக்குப் போகிறவர் மாதிரி கூம்புகளுக்கு நடுவே போய் நின்றார். அவரும் ஒரு தடவை விழுந்தவர்தான், ஆனால் மல்லிகைச் செடிக்குப் பக்கத்தில் மெத்தென்ற மண்ணில் விழுந்த அதிர்ஷ்டசாலி. முதல் வளைவு சுமார். குறுக்கே வரும்போது தோள் முன்னால் போய்விட்டது, கால் பின்னால் வருகிறது. அங்கேயே பாதி மதிப்பெண் போயிற்று என்று நாச்சிமுத்துவின் உள்ளுக்குள் இருக்கிற ஆள் குறித்துக்கொண்டான். இரண்டாவது கூம்பைச் சுற்றும்போது சிவசைலத்தின் செருப்பு அதை உதைத்தது. கூம்பு ஆடிவிட்டு ஒரு சாண் நகர்ந்து நின்றது. மனிதர் நகர்ந்த கூம்பைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். சூப்பர் சார் என்றாள் பெனிட்டா. தேறிவிட்டாராம். நாச்சிமுத்துவுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. இதுவா தேறுவது? அவருடைய மைதானத்தில் இந்த எட்டுக்கு, போயிட்டு நல்லாப் பழகிட்டு வாங்க என்றுதான் பதில். கலெக்டர் சிபாரிசு வந்தாலும் அதே பதில். மச்சினன் சென்னியப்பனுக்கும் அதே பதில்தான். அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து மூன்று தடவை தோற்றான், மூன்றாவது தடவை எட்டு குறுக்கே வெட்டுகிற இடத்தில் கால் கட்டைவிரல் தரையைத் தொட்டும் தொடாமலும் ஒரு தொடல், அவ்வளவுதான், பார்த்தவர் அவர் ஒருத்தர்தான். மயிலாத்தாள் அன்றைக்கு ராத்திரி சோற்றைப் போட்டுவிட்டுக் குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஊற்றாமல் நின்றாள். "எம்பொறந்தவன் ஒரு காலு ஊனுனா ஒலகம் முங்கிப் போயிருமாக்கு?" என்றாள். "ரோட்டுல ஊன எடமிருக்காது" என்றார் இவர். "அப்ப உங்க நாயத்தையே கொழம்பு வெச்சு ஊத்திக்குங்க." சட்டியோடு சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு அவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். சென்னியப்பன் நாலாவது தடவை வந்தான். கயிறு பிடித்த மாதிரி ஒரு எட்டு, சாய்ந்த வண்டி சாய்ந்தபடியே போய் நிமிர்ந்து வந்தது. அவருக்கே எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது. அந்த லைசென்ஸின் நகலைச் சட்டம் போட்டுத் தன் உரக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான், வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவான், "எங்க மச்சாங்கிட்டயே தேறுனவனாக்கும் நானு" என்று. சும்மா விட்டிருந்தால் மாட்டியிருப்பானா? மயிலாத்தாளும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாள், மறுநாள் கோழிக் குழம்பு வைத்தாள்.

"நாச்சிமுத்து சார், வாங்க" என்றாள் பெனிட்டா. எழுந்தார். கைப்பிடியை அழுத்தாமல் எழுந்தார், அதற்கு வீட்டில் தனியாகப் பழகியிருந்தார். எட்டையும்தான் பழகியிருந்தார், கதவைச் சாத்திக்கொண்டு, முன்கூடத்தில் இரண்டு தண்ணீர் கேன்களை வைத்து, விடியற்காலையில், பனியனோடு. ஒரு தடவைகூட எதையும் தொடாமல் வந்திருக்கிறார். "நடுவுல நில்லுங்க சார். லெஃப்ட்ல ஆரம்பிச்சு போங்க" என்றாள். அங்கேதான் மாட்டிக்கொண்டார். வீட்டில் அவர் ஒவ்வொரு தடவையும் வலப்பக்கமாகவே ஆரம்பித்திருந்தார், இடப்பக்கம் சோபா கிடந்ததால். மடையா. சொந்த வண்டியில பழகிட்டு அடுத்தவன் வண்டியில வந்து நிக்காதீங்கடா என்று எத்தனை பேரிடம் தொண்டை கிழியக் கத்தியிருப்பார், அதே தப்பு, அச்சு அசலாக அதே தப்பு. வலப்பக்கமா ஆரம்பிக்கலாமுங்களா என்று கேட்கலாம். கேட்டால் விட்டுவிடுவாள். கேட்கவில்லை. புறப்பட்டார். டயரைப் பாக்காத, போற எடத்தைப் பாரு. கூம்பைப் பார்க்காமல் தாண்டிச் சுவரைப் பார்த்தார், இடது கால் வளைவின் உள்பக்கம், யோசிக்கிறது, யோசிக்காதே, எழுந்திரு, எழுந்தது, அடுத்து வலது, அது நல்ல பிள்ளை, சொல்லாமலே வரும், தரை வழுக்காத கல், பரவாயில்லை, ஃபினாயில் வாசம், கூம்பு இடது கண்ணின் ஓரத்தில் சுற்றிக்கொண்டு பின்னால் போகிறது, முதல் வளைவு முடிந்தது, யாரும் ஒன்றும் சொல்ல முடியாத வளைவு, சென்னியப்பன் பார்த்திருக்க வேண்டும். குறுக்கே வருகிறார். தோள் நேராக இருக்கிறது. மார்பு தானாக நிமிர்ந்தது, எண்பதை நெருங்குகிறவன் நடையா இது, பாருங்கள் தாசில்தாரே, பாரு வானதி, அந்த வாசல் மிதியடி மடங்கித்தான் இருந்தது. இரண்டாவது கூம்பு ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே அரவணைப்பின் கொடியில் துணி காய்கிறது, ஒரே மாதிரி போர்வைகள், வரிசையாக நீலப் போர்வைகள், தன் போர்வை பச்சை, மயிலாத்தாள் சென்னிமலையில் எடுத்தது, அங்கே போனால் அதற்கும் நீலம் கொடுத்துவிடுவார்களா, அல்லது வைத்துக்கொள்ள விடுவார்களா, கேட்க வேண்டும், யாரைக் கேட்பது, ஏன் கேட்க வேண்டும், அவர்தான் போகப்போவதில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது இடது கால் எழவில்லை. நுனி தரையில் இழுபட்டது. உடம்பு ஜன்னல் பக்கம் சாய்ந்தது. நாச்சிமுத்து விழவில்லை. ஏன் விழவில்லை என்று அவருக்கு ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது, உள்ளங்கையில் குளிர்ச்சியாக இரும்பு இருந்தது, சுவர் நெடுக முதியவர்களுக்கென்று வைத்திருக்கிற கைப்பிடிக் கம்பி, அதைக் கை போய்ப் பிடித்திருந்தது. அவர் பிடிக்கச் சொல்லவே இல்லை. விட்டார். வளைவை முடித்தார். நடுவுக்கு வந்து நின்றார்.

"சூப்பர் சார். ரொம்ப நல்லாப் பண்ணீங்க. உங்க வீடு உங்களுக்குத்தான்" என்றாள் பெனிட்டா. சிரித்தாள். கண் கடிகாரத்தில் இருந்தது. கடிகாரத்திலிருந்து எழாமல் இருந்தது. முப்பது வருஷமாக முகம் பார்த்த மனிதர், அந்தக் கண் எதற்குக் கடிகாரத்தை விட்டு வரமாட்டேன் என்கிறது என்று தெரியாதா. பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, பாவம் பெரியவர் என்று விட்டுவிட்டாள். நல்ல பெண். சொந்த ஊர் மார்த்தாண்டத்தில் அவளுக்கும் ஒரு அப்பா இருப்பார். வாங்கிக்கொண்டு போயேன்டா கிழவா என்றது மனசு. இது ரோடு இல்லை, எதிரே லாரி வரப்போவதில்லை, பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே ஓடப்போவதில்லை, விழுந்தால் நீ விழப்போகிறாய், உன் எலும்பு, உன் வீடு. ஊன எடமிருக்காது என்று சொல்ல இங்கே வழியே இல்லை. மயிலாத்தாள் இருந்தால் இப்போது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். கால்கூட வாசல் பக்கம் ஒரு எட்டு திரும்பிவிட்டது. அப்புறம் நின்றது. போய் என்ன செய்வது? கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார். சாப்பாட்டுக் கூடத்தில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவள் மெல்லச் சிரிப்பாள், அவர் முகத்தைத் திருப்புவார். அவர் பெயரில் இருக்கிற வீடு, ஆனால் ஒரு பெண்ணின் இரக்கத்தில் இருக்கிற வீடு. சென்னியப்பன் சட்டம் போட்டு மாட்டியது அவனுக்குக் கொடுத்ததையா? இல்லை, அவன் எடுத்ததை. அவருக்கு வாழ்க்கையில் யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை, அவரும் கொடுத்ததில்லை, அதில்தான் அவர் நிமிர்ந்து நின்றார், அதை இந்த வயசில் கொண்டுபோய் எங்கே வைப்பது.

"அம்மிணி" என்றார். "அந்தக் கம்பியைப் புடிச்சனுங்க."

"லேசாத்தானே சார். சும்மா கை பட்டுச்சு, அவ்வளவுதான்."

"அப்பப் பாத்தீங்க."

அவள் கடிகாரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டாள். நாற்காலியில் சாய்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த சிவசைலம் நிமிர்ந்தார். "வே, உமக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? அந்தப் பிள்ளையே சரின்னு சொல்லுது. நீரு எதுக்குவே சும்மா கெடந்த சங்கை ஊதுதீரு?"

"தாசில்தார் ஐயா, நீங்க கூம்பை ஒதைச்சதையும் நான் பாத்தனுங்க. அது உங்களுக்கும் அம்மிணிக்கும் உள்ளது, நான் அதுல வரலீங்க. என்னோடதை நான் சொல்றேன்."

சிவசைலம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பெனிட்டாவின் முகம் சிவந்துவிட்டது. அவளைச் சங்கடப்படுத்தியதில் அவருக்கு வருத்தம்தான். அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "சார், நான் எழுதிட்டா மாத்த முடியாது. இந்த வாரமே அரவணைப்புக்கு மாத்தச் சொல்லிடுவாங்க. உங்க பொண்ணுக்கும் போன் போயிடும். நல்லா யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சாச்சுங்க. எழுதுங்க, தேறலைன்னு. பொண்ணுக்கு நானே சொல்லிக்கிறேன்." மூச்சு வாங்கியது, கொஞ்சம் நின்று சொன்னார். "மறுபடி எப்ப வரலாமுங்க?"

"மறுபடியா? அங்க போனவங்க யாரும் மறுபடி டெஸ்ட்டுக்கு வந்ததில்ல சார். அப்படி ஒரு ரூல் இங்க கிடையாது."

"எங்க ஆபீஸ்ல இருந்துச்சுங்க. தேறாதவன் பழகிட்டு மறுபடி வருவான். வரவேண்டாம்னு சொல்ல எனக்கே அதிகாரம் கெடையாது. அதையும் சேத்து எழுதுங்க, நாச்சிமுத்து மறுபடி வருவான்னு. அடுத்த தடவை லெஃப்ட்லயும் பழகிட்டு வர்றேன்."

"மேனேஜர் ஒத்துக்கணுமே சார்."

"அது அவரு பாடு. நீங்க எழுதுங்க."

அவள் மேஜைக்குப் போய் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். திறந்துவிட்டு அவரைப் பார்த்தாள், இப்போது கண் கடிகாரத்தில் இல்லை, நேராக அவர் முகத்தில் இருந்தது, அதில் இரக்கமும் இல்லை. மைதானத்தில் அவரை அப்படித்தான் பார்ப்பார்கள். வீடு போயிற்று. போயிற்று என்று நினைத்ததும் துக்கம் வந்தது. கூழ் காய்ச்சுகிற அந்தச் சின்ன அடுப்பும், சட்டையில்லாத ராத்திரிகளும், மயிலாத்தாள் படுத்திருந்த கட்டிலும் எல்லாம் ஒரே சமயத்தில் வந்து நின்றன, எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், சொல்லிக்கொள்ளலாம். அதற்கும் மேலே, மார்புக்குள், வெகுநாளாக இல்லாத ஒரு இடம் விரிந்து கொடுத்தது. இடது முழங்கால் நடுங்கத் தொடங்கியிருந்தது. ஒரு முழத் தூரத்தில் கம்பி, இன்னொரு பக்கம் நாற்காலி.

"உக்காருங்க சார், நேரமாகும்" என்றாள் பெனிட்டா.

"நீங்க எழுதி முடிங்க அம்மிணி."

அவள் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்துக் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் நாச்சிமுத்து எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.